தோல் ஏன் தடிக்கிறது, களிம்பு உள்ளே போய் என்ன செய்கிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் தோல் அழற்சி பற்றி எழுதியதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எந்தக் களிம்பு தடவலாம்?" அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, ஏனென்றால் நான் மருத்துவர் இல்லை. அழற்சி எங்கே கிளம்புகிறது, மருந்து அதை எந்த இடத்தில் பிடித்து நிறுத்துகிறது என்று ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற மருந்தியல் ஆள். ஆனால் நாம் தடவுவது உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு டாக்டரிடம் போனால் அங்கே நடக்கிற பேச்சே வேறு மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பக்கமாக வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: கொசு கடித்த இடம் ஏன் உடனே தடிக்கிறது? அந்த ஓரிரு நிமிடத்தில் தோலுக்குள் என்னதான் நடக்கிறது? – வாசகர், மதுரை

கொசுவுக்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். பேனா மூடியை எடுத்து முன்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் அழுத்தமாக ஒரு கோடு இழுங்கள். சில நொடிகளில் கோடு சிவக்கும். அரை நிமிடம் போல ஆனதும் கோட்டின் இரண்டு பக்கமும் லேசான சிவப்பு பரவும். சிலருக்கு இன்னும் சில நிமிடத்தில் கோடே மேலெழும்பித் தடித்துவிடும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே தெரியும். எல்லோருக்கும் மூன்றும் வராது, அது பரவாயில்லை. லண்டனில் தாமஸ் லூயிஸ் என்கிற மருத்துவர் இந்த மூன்று கட்டத்தையும் வருடக்கணக்காகப் பார்த்து 1927ல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதல் கோடு, அழுத்திய இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிவதால் வருவது. தடிப்பு, அந்தக் குழாய்களின் சுவர் கசிந்து ரத்த நீர் வெளியே வந்து தேங்குவது. சுற்றிப் பரவுகிற சிவப்பு நரம்பின் வேலை. தோல் நரம்பு மூளைக்குச் சேதி அனுப்புகிறபோதே, அந்தச் சேதி பக்கத்துக் கிளைகளில் திரும்பி இறங்கி வந்து அங்கிருக்கிற குழாய்களையும் விரியவைத்துவிடுகிறது. நரம்பு அறுந்து செயலற்றுப்போன இடத்தில் கோடும் தடிப்பும் வரும், சுற்றிப் பரவுவது மட்டும் வராது என்று லூயிஸ் காட்டினார். எனக்கு இது இன்னமும் அழகான சோதனையாகத்தான் படுகிறது, ஒரு கருவியும் இல்லாமல் செய்தது.

இதையெல்லாம் கிளப்பிவிடுவது பெரும்பாலும் ஹிஸ்டமின். தோலில் ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் ஒட்டியே மாஸ்ட் செல்கள் என்கிற காவல் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன, வயிறு நிறைய மணி மணியாக இந்த ஹிஸ்டமின் சரக்கை வைத்துக்கொண்டு. பவுல் எர்லிக் 1878ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இவற்றைச் சாயமேற்றிக் காட்டியபோது, தின்று கொழுத்த செல் என்றுதான் ஜெர்மன் மொழியில் பெயர் வைத்தார். கொசு எச்சிலை உங்கள் உடம்பு ஏற்கெனவே அறிந்து வைத்திருந்தால், அதற்கான எதிர்ப்புப் புரதம் மாஸ்ட் செல்லின் மேல் தயாராக ஒட்டிக்கொண்டிருக்கும். எச்சில் பட்டதும் செல் தன் சரக்கைக் கொட்டும். உடனே வருகிற தடிப்பு அதுதான். மறுநாள் காலையில் அதே இடத்தில் கெட்டியாக ஒரு முடிச்சு அரித்துக்கொண்டிருக்கிறதே, அது வேறு, அங்கே டி செல்கள் என்கிற நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்கள் வந்து சேர்ந்திருக்கும். கடி ஒன்றுதான், ஆனால் இரவில் ஒரு அழற்சி, காலையில் இன்னொரு அழற்சி. மருந்து ஆராய்ச்சியில் எங்களுக்கு இருக்கிற சிக்கலும் இதுதான்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. கை மடிப்பிலும் கழுத்திலும் எக்ஸிமா. ஒரு வருடமாகத் தினமும் செட்டிரிசின் சாப்பிடுகிறார், அரிப்பு குறையவே இல்லை. மருந்து போலியாக இருக்குமோ? – வாசகி, நாகர்கோவில்

மருந்து சரியாகத்தான் இருக்கும். அது அடைக்கிற வழி வேறு, அம்மாவின் அரிப்பு வருகிற வழி வேறு.

உங்கள் ஊர்ப் பக்கம் வேலியோரத்தில் பூனைக்காலி படர்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். காயின் மேல் இருக்கிற பொன்னிறச் சுணை மேலே பட்டால் என்ன பாடு படுத்தும் என்றும் தெரிந்திருக்கும். உலகம் முழுக்க அரிப்பை ஆராய்கிறவர்கள் அந்தச் சுணையைத்தான் பயன்படுத்துகிறார்கள். தன்னார்வலரின் கையில் சில சுணைகளை வைத்து லேசாகத் தேய்த்தால் போதும், ஒரு நிமிடத்துக்குள் பொறுக்க முடியாத அரிப்பு. ஆனால் ஹிஸ்டமின் ஊசியால் குத்தினால் வருகிற அந்தச் சுற்றிப் பரவும் சிவப்பு இதில் வராது. செட்டிரிசின் மாதிரி ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுத் தேய்த்தாலும் அரிப்பு நிற்காது. சுணையில் இருப்பது மியூகுனெயின் என்கிற நொதி, புரதத்தை வெட்டுகிற வகை. அது நரம்பின் மேலும் தோல் செல்லின் மேலும் இருக்கிற பார்-2, பார்-4 என்கிற ஏற்பிகளை, அதாவது வெளியிலிருந்து வருகிற சேதியை வாங்குகிற புரதங்களை, வெட்டி முடுக்கிவிடுகிறது என்று 2008ல் தெரியவந்தது. ஹிஸ்டமின் அரிப்பைக் கொண்டுபோகிற நரம்பு இழைகள் ஒரு வகை, பூனைக்காலி அரிப்பைக் கொண்டுபோகிறவை பெரும்பாலும் இன்னொரு வகை. சுணையை நன்றாகச் சூடாக்கிவிட்டால் நொதி செத்துப்போகும், பிறகு அது வெறும் முடி, தேய்த்தால் ஒன்றும் ஆகாது. அந்த வெறும் முடியை ஹிஸ்டமின் கரைசலில் நனைத்து, ஒரே கருவியால் இரண்டு அரிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

எக்ஸிமா அரிப்பில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வழியில் வருவது. இன்டர்லூகின்-4, 13, 31 என்று டி செல்கள் சுரக்கிற பொருள்கள் நரம்பையே உசுப்பேற்றி வைக்கின்றன. அப்புறம் எக்ஸிமா தோலில் குடியேறுகிற ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற பாக்டீரியா இருக்கிறது, அது சுரக்கிற ஒரு நொதி நேராக நரம்பிலிருக்கும் பார்-1 ஏற்பியைத் தட்டி எலிகளைச் சொறியவைக்கிறது என்று 2023ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஏற்பியை அடைக்கிற, ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற ஒரு மருந்தைக் கொடுத்ததும் எலிகள் சொறிவது குறைந்தது. எலியில்தான், மனிதரில் இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை.

காணாக்கடிக்கு, அதாவது திடீர் திடீரென்று தோல் தடித்து அரிப்பதற்கு, செட்டிரிசின் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே ஹிஸ்டமின்தான் முக்கியக் காரணம். எக்ஸிமாவில் தோலின் தடுப்புச் சுவரைச் சரிசெய்வதும் அழற்சியை அடக்குவதும்தான் அரிப்பைக் குறைக்கும். குளித்து ஈரம் காயுமுன் வாசனை சேர்க்காத ஈரப்பசைக் களிம்பைத் தாராளமாகத் தடவுவது வெறும் ஆறுதலுக்கான வேலை என்று நினைக்காதீர்கள். 2006ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில், ஃபிலாக்ரின் என்கிற ஒரே ஒரு தோல் புரதத்தின் மரபணு கெட்டிருந்தாலே எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள், அந்தப் புரதம் இல்லாத தோல் ஈரத்தைப் பிடித்துவைக்காது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த வயதில் புதிதாக வந்த அரிப்பு என்றால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. தூக்கம் வரவழைக்கிற பழைய அரிப்பு மாத்திரைகளுக்கு அம்மாவை மாற்றிவிடாதீர்கள், ராத்திரி எழுந்து நடக்கும்போது தடுமாறி விழுந்துவிடுவார்கள்.

கேள்வி: வெயிலில் கன்றிப்போன தோலுக்கு ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை உதவுமா? – வாசகர், தூத்துக்குடி

ஓரளவு உதவும், ஆனால் நேரம் முக்கியம். வெயில் அழற்சி உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துக் கிளம்பி அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். அதில் ப்ரோஸ்டாக்ளாண்டின்கள் என்கிற, உடம்பே உண்டாக்குகிற அழற்சிப் பொருள்களுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அவற்றை உண்டாக்குகிற நொதியைத்தான் நிறுத்துகின்றன என்று ஜான் வேன் 1971ல் காட்டினார், நோபல் பரிசும் பெற்றார். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சிவப்பும் எரிச்சலும் குறையும், அடுத்த நாள் கொடுத்தால் பெரிய பலன் இல்லை. செல்லின் மரபணுவில் வெயில் செய்த சேதத்தை எந்த மாத்திரையும் திருப்பாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம்.

கேள்வி: ஸ்டீராய்டு களிம்புகளில் இது வீரியம் கூடியது, இது லேசானது என்று எப்படி வரிசைப்படுத்துகிறார்கள்? – மருந்தாளுநர் படிப்பு மாணவி, வேலூர்

நல்ல கேள்வி, கொஞ்சம் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் படுக்கையோடு கிடந்த ஒரு பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் ஒரு மருந்தை ஊசியில் போட்டார், சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். அந்த மருந்துதான் கார்ட்டிசோன். 1950லேயே நோபல் பரிசு. சரி, உள்ளே போட்டால் இவ்வளவு செய்கிறதே, தோலில் தடவினால்? தடவினார்கள், ஒன்றுமே நடக்கவில்லை. 1952ல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் அதன் உறவுக்கார மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாக்கித் தடவியபோது எக்ஸிமா அடங்கியது. வித்தியாசம் எங்கே என்றால், கார்ட்டிசோன் தானாக வேலை செய்யாது, கல்லீரல் அதை ஹைட்ரோகார்ட்டிசோனாக மாற்றித் தர வேண்டும். தோலால் அந்த மாற்றத்தைப் போதுமான அளவு செய்ய முடியாது. தோல் மருந்தைத் தோலில்தான் சோதிக்க வேண்டும் என்று எங்கள் துறை கற்றுக்கொண்ட இடம் அது.

அதற்கப்புறம் புதுப்புது ஸ்டீராய்டுகள் வரத் தொடங்கின, ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துப் பார்ப்பது நடக்கிற காரியமா? 1962ல் மெக்கென்சியும் ஸ்டவ்டனும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மருந்தை ஆல்கஹாலில் பல அளவுகளில் கரைத்து முன்கையில் சின்னச் சின்ன வட்டங்களில் விட்டு, மூடி, இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் எந்த வட்டம் வெளிறியிருக்கிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், தோல் வெளிறும். எவ்வளவு குறைந்த அளவில் வெளிறவைக்கிறதோ அந்த அளவுக்கு வீரியம், நோயாளியிடம் அது அழற்சியை அடக்குகிற அளவும் பெரும்பாலும் அதோடு ஒத்துப்போகிறது. க்ளோபெட்டசால் ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியம் என்று நீங்கள் படித்திருப்பது இந்த வகைச் சோதனையிலிருந்துதான். ஒரு கம்பெனி, ஏற்கெனவே இருக்கிற களிம்புக்குச் சமமானது என்று தன் களிம்பை விற்க வேண்டுமானால், இன்றைக்கும் அமெரிக்காவில் இந்த வெளிறும் சோதனையைத்தான் கேட்கிறார்கள். நிறம் கூடிய தோலில் இதைப் படிப்பது சிரமம், நானே என் கையில் செய்து பார்த்து, ஜன்னலோரமாக நின்று கையைத் திருப்பித் திருப்பி வட்டத்தைத் தேடியிருக்கிறேன்.

உள்ளே நடப்பது: ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போகிறது, அழற்சியைக் கிளப்புகிற நூற்றுக்கணக்கான மரபணுக்களின் சுவிட்சை அங்கேயே அணைக்கிறது. என்எஃப்-காப்பா-பி என்று பாடத்தில் வருமே, அந்தச் சுவிட்சும் அதில் ஒன்று. ஆனால் தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன் புரதத்தைச் செய்கிற செல்லுக்கும் அதே ஏற்பி உண்டு, அங்கேயும் போய் வேலையைக் குறைத்துவிடும். தோல் மெலிவது, வரி வரியாகக் கோடு விழுவது எல்லாம் அதனால்தான். அழற்சியை அடக்குவதையும் தோலை மெலிவிப்பதையும் பிரிக்கிற ஸ்டீராய்டு ஒன்றைத் தேடி எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் வருடக்கணக்காக உழைத்துவிட்டன, இன்னும் முழுதாகப் பிரிக்க முடியவில்லை.

கேள்வி: இடுப்பில் வட்டமாகப் படை. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ட்யூபைப் போட்டால் இரண்டு நாளில் அரிப்பு போய்விடுகிறது, நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது. ஆறு மாதமாக இதே கதை. – வாசகர், சேலம்

தயவுசெய்து அந்த ட்யூபைத் திருப்பி, சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து என்று மூன்று நான்கைக் கலந்து ஒரே ட்யூபில் விற்கிறார்கள்.

வட்டமாகப் பரவுகிற படை பெரும்பாலும் படர்தாமரை, பூஞ்சைத் தொற்று. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை விரட்ட உங்கள் உடம்பு நடத்துகிற அழற்சி. ஸ்டீராய்டு அந்த அழற்சியை இரண்டே நாளில் படுக்கவைத்துவிடும், நீங்கள் குணமாகிறது என்று நினைப்பீர்கள். பூஞ்சைக்கோ எதிர்ப்பே இல்லாத வீடு கிடைத்துவிடும். ஓரம் மேடாகவும் நடுவில் தெளிந்தும் இருக்கிற அந்த வட்ட அடையாளமே அழிந்துபோய், பிறகு தோல் டாக்டரே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கும். என் சித்தி மகனுக்கு இதேதான் நடந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் பிதுக்கிச் சுருட்டிய காலி ட்யூப்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய இருந்தன, தொடையிடுக்கில் தோல் காகிதம் மாதிரி மெலிந்து ஊதா நிறத்தில் கோடுகள் விழுந்துவிட்டன. அந்தக் கோடுகள் இனிப் போகாது. படை மட்டும் சரியாவதற்கே மாதக்கணக்கானது. அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை, "டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும், அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் வருடக்கணக்கில் கத்தியதன் பலன் அது. ஆனாலும் கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள். இதற்கிடையில் வழக்கமான பூஞ்சை மருந்தான டெர்பினஃபினுக்கு அடங்காத வகை ஒன்று நம் நாட்டில் பரவி, 2020ல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று நம் நாட்டை வைத்தே பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிற டாக்டரிடம் போங்கள், எத்தனை மாதமாக எந்த ட்யூபைப் போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் ட்யூபையே கொண்டுபோங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள், துண்டைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். முகத்தில் நிறம் வருவதற்காக இந்த மாதிரிக் களிம்பை மாதக்கணக்காகப் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தானாகத் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். அது திருப்பி அடிக்கும்போது முகம் நெருப்பாக எரியும்.

கேள்வி: கைக்குக் கொடுத்த களிம்பை முகத்திலும் போடலாமா? – வாசகி, திருவாரூர்

போடாதீர்கள். 1967ல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் வெவ்வேறு இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் போவதை 1 என்று வைத்துக்கொண்டால் நெற்றியில் 6, தாடையில் 13, விரைப்பை தோலில் 42, உள்ளங்காலில் 0.14. அதாவது கையில் பதமாக இருக்கிற அளவு முகத்தில் அதிகம், காலில் போதாது. அளவுக்கு ஒரு கணக்கு: 5 மில்லிமீட்டர் வாயுள்ள ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், பெரியவர் கை அளவில் இரண்டு கைப்பரப்புக்கு அது போதும்.

கேள்வி: எலியின் காதில் மருந்து தடவி அழற்சியை அளப்பதாகப் படித்தேன். எலியில் வேலை செய்தது மனிதருக்கும் செய்யும் என்று எப்படி நம்புவது? – எம்.எஸ்சி. மாணவர், கோயம்புத்தூர்

முழுதாக நம்பக் கூடாது என்பதுதான் நேர்மையான பதில். ஏன் என்று சொல்கிறேன்.

எலியின் காது மெலிசு, கால் மில்லிமீட்டர் வந்தாலே அதிகம். அதில் நேர்வாளத்தில் இருந்து பிரித்தெடுத்த டிபிஏ என்கிற பொருளை அசிட்டோனில் கரைத்துச் சில மைக்ரோகிராம் விடுவோம். நேர்வாளம் என்றால் நம் சித்த மருத்துவத்தில் பேதிக்குச் சுத்தி செய்து கொடுக்கிற அதே நேர்வாளம்தான், அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும் என்று வைத்தியர்களுக்கு எப்போதோ தெரியும். நாலைந்து மணி நேரத்தில் காது வீங்கும், மைக்ரோமீட்டரின் இரண்டு உதடுகளுக்கு நடுவில் காதை வைத்து, நசுக்கிவிடாமல், ஒரே மாதிரி அழுத்தத்தில் அளக்க வேண்டும். இது கை பழகாமல் வராது. ஒரே காதை இரண்டு பேர் அளந்தால் இரண்டு எண் வரும், அதனால் எந்தக் காதுக்கு எந்த மருந்து என்று அளக்கிறவருக்குத் தெரியக் கூடாது. முடிவில் ஒரு வட்டத் துண்டை வெட்டி எடைபோட்டும் பார்ப்போம்.

டிபிஏவுக்குப் பதிலாக அராக்கிடோனிக் அமிலத்தைத் தடவினால் ஒரு மணி நேரத்துக்குள் வீங்கும், ப்ரோஸ்டாக்ளாண்டின், லூகோட்ரையீன் வழிகளை அடைக்கிற மருந்துகள் அதை அடக்கும். ஆக்சஸோலோன் என்று ஒன்று, முதலில் வயிற்றுத் தோலில் பழக்கிவிட்டு சில நாள் கழித்துக் காதில் தடவினால் வருவது ஒவ்வாமை அழற்சி, அங்கே டி செல் முக்கியம். ஒரு புது மருந்து எந்தக் காதில் வேலை செய்கிறது, எதில் செய்யவில்லை என்று பார்த்தால் அது எந்த வழியை அடைக்கிறது என்று ஊகிக்கலாம். எலிச் சோதனையால் உண்மையான பயன் இதுதான் என்பது என் கருத்து. சொரியாசிஸ் மாதிரிக்கு, மருவுக்குப் போடுகிற இமிக்விமாட் களிம்பைத் தடவுவார்கள். அந்தக் களிம்பைப் போட்ட நோயாளிகள் சிலருக்குச் சொரியாசிஸ் கிளம்பியதைப் பார்த்துத்தான் எலியில் செய்து பார்த்தார்கள், 2009ல் நெதர்லாந்து குழு ஒன்று அந்த அழற்சி இன்டர்லூகின்-23, 17 வழியாக நடப்பதைக் காட்டியது.

இனி நம்பக் கூடாததற்குக் காரணம். எலிக்குச் சொரியாசிஸ் தானாக வருவதே இல்லை. அதன் மேல்தோல் இரண்டு மூன்று செல் அடுக்குதான், மருந்து சுலபமாக உள்ளே போய்விடும், நம் தோலில் அப்படிப் போகாது. இன்னொன்று, எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில், குறிப்பாக மூலிகைச் சாறுகளைச் சோதித்தவற்றில், அழற்சியை உண்டாக்குவதற்கு அரை மணி நேரம் முன்பே மருந்தைத் தடவியிருப்பார்கள். எந்த நோயாளி அழற்சி வருவதற்கு அரை மணி முன்னால் வருகிறார்? உங்கள் ஆய்வில் அழற்சி கிளம்பிய பிறகு மருந்து கொடுக்கிற ஒரு குழுவைக் கட்டாயம் வையுங்கள். முடிந்தால் அறுவை சிகிச்சையில் வெட்டியெடுக்கிற மனிதத் தோலை, நெறிமுறைக் குழு அனுமதியோடு வாங்கிச் சோதியுங்கள். நோயாளியின் தோலில் ஒட்டும் நாடாவை ஒட்டி எடுத்து, அதில் வருகிற செல்லிலிருந்தே அழற்சிப் பொருள்களை அளக்கிற முறையும் இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது, வலியே கிடையாது, குழந்தைகளிடமும் செய்யலாம்.

கேள்வி: வெட்பாலைத் தைலம், மஞ்சள், இதெல்லாம் அறிவியல்படி அழற்சியைக் குறைக்குமா? – வாசகர், திண்டுக்கல்

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். மஞ்சளின் குர்குமின், தட்டில் வளர்த்த செல்லில் எந்தச் சோதனை வைத்தாலும் வேலை செய்கிற மாதிரி தெரியும், அதுவே சந்தேகத்துக்குக் காரணம். சீக்கிரம் சிதைந்துவிடும், குடலில் சரியாக உறிஞ்சப்படாது. 2017ல் மருந்து வேதியியலாளர்கள் குர்குமின் ஆய்வுகளை அலசி, நம்பத்தகுந்த மருந்தாக அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார்கள்.

வெட்பாலை வேறு கதை. இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், எண்ணெய் சில நாளில் கருநீலம் கலந்த ஊதாவாக மாறும், பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த இலையில் அவுரியில் இருக்கிற நீலமும், இண்டிருபின், ட்ரிப்டாந்த்ரின் என்கிற பொருள்களும் இருப்பதாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இண்டிருபின் தோல் செல்லில் ஏஎச்ஆர் என்கிற ஏற்பியோடு சேரும். சொரியாசிஸுக்கு அமெரிக்காவில் கோக்கர்மேன் 1925லேயே நிலக்கரித் தாரையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துக் கொடுத்தார், அந்தத் தார் ஏஎச்ஆர் வழியாகத்தான் தோல் சுவரைச் சரிசெய்கிறது என்று 2013ல்தான் தெரிந்தது. 2022ல் சொரியாசிஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாபினரோஃப் களிம்பும் அதே ஏற்பியைத் தூண்டுவதுதான், மண்ணில் வாழும் புழுவுக்குள் இருக்கிற பாக்டீரியாவிடமிருந்து கிடைத்தது. ஆகவே வெட்பாலைக்குப் பின்னால் நம்பத்தகுந்த ஒரு வழி இருக்கிறது. எந்தப் புட்டியில் எவ்வளவு இண்டிருபின் இருக்கிறது, அந்த அளவு போதுமா என்பதை அளந்து, மருந்தில்லாத ஊதா எண்ணெயோடு ஒப்பிட்டு, பெரிய அளவில் சோதிக்க வேண்டும். நம் சித்த மருத்துவக் கல்லூரிகளும் மருந்தியல் துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது, நான் கேட்கிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போடுகிறீர்கள் என்றால் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டுப் போடாதீர்கள், நீர் கசிகிற புண்ணில் போடாதீர்கள்.

கேள்வி: சொரியாசிஸுக்கு ஊசி போட்டால் முழுதாகப் போய்விடும் என்கிறார்களே? – வாசகர், ஈரோடு

பலருக்குத் தோல் ஏறக்குறைய சுத்தமாகிவிடுகிறது, உண்மைதான், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். 1979ல் மூட்டு நோய்க்காக, டி செல்களை அடக்குகிற சைக்ளோஸ்போரின் மருந்து கொடுத்தவர்களில் சொரியாசிஸ் தற்செயலாகக் குறைந்ததைப் பார்த்த பிறகுதான், இது டி செல் நோய் என்கிற பக்கம் ஆய்வு திரும்பியது. அங்கிருந்து படிப்படியாக டிஎன்எஃப், இன்டர்லூகின்-23, 17 என்று அழற்சிப் பொருள்களின் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் அடைக்கிற ஊசிகள் வந்தன. ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயம். டிஎன்எஃப்தான் உடம்புக்குள் உறங்குகிற காசநோய்க் கிருமியைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதில் ஒரு முக்கியக் கயிறு, அதை அடைத்தால் கிருமி எழுந்துகொள்ளலாம். நம் நாட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

கேள்வி: எக்ஸிமா சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார், ஆனால் அந்த இடமெல்லாம் கறுப்பாகவே இருக்கிறது. உள்ளே அழற்சி மிச்சம் இருக்கிறதா? ஆரம்பத்தில் "சிவப்பே இல்லையே, லேசானதுதான்" என்று சொல்லி அனுப்பியதும் இதே தோலைத்தான். – வாசகி, விழுப்புரம்

உங்கள் வருத்தம் நியாயமானது. எக்ஸிமாவையும் சொரியாசிஸையும் அளக்க ஆய்வுகளில் பயன்படுத்துகிற மதிப்பெண் முறைகள் பெரும்பாலானவற்றில் சிவப்புக்கு ஒரு பங்கு உண்டு, வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவை அவை. நம் தோலில் அழற்சி கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ சாம்பல் பூத்த மாதிரியோ தெரியும், சிவப்பைத் தேடுகிறவர் கண்ணுக்குக் குறைவாகத்தான் படும். மருந்து ஆய்வுகளில் நம் மாதிரித் தோல் உள்ளவர்கள் குறைவாக இருந்ததும் இதைக் கூட்டியது.

கறுப்புக்கு வருகிறேன். அழற்சி நடக்கும்போது நிறமிச் செல்கள் உசுப்பப்பட்டு அதிகமாக மெலனின் செய்கின்றன. மேல்தோலில் தங்குகிற மெலனின் தோல் உதிர உதிர மாதக்கணக்கில் மங்கும். மேல்தோலின் அடித்தளம் சேதமாகியிருந்தால் மெலனின் கீழே சிந்திவிடும், அதை மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்ளும், அது போக வருடங்கூட ஆகலாம். இரண்டிலுமே அழற்சி முடிந்திருக்கலாம், மிஞ்சியது நிறம் மட்டுமாக இருக்கலாம். அந்தக் கறுப்பைப் போக்குவதற்காக ஸ்டீராய்டைத் தொடராதீர்கள். வெயில் அதை அடர்த்தியாக்கும், நிறம் கூடிய தோலில் கண்ணுக்குத் தெரிகிற ஒளியே அடர்த்தியாக்கும், அதனால் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்திலிருக்கிற சன்ஸ்கிரீன் வெள்ளை சன்ஸ்கிரீனைவிட உதவும்.

அழற்சி மிச்சம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த இடத்தின் மேலும் பக்கத்து நல்ல தோலின் மேலும் மாற்றி மாற்றித் தடவுங்கள். மேடாகவோ கெட்டியாகவோ சொரசொரப்பாகவோ தட்டுப்பட்டால், அல்லது ராத்திரி அரித்தால், டாக்டரிடம் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.